ஆறரை நிமிடம்

1608-இல் பிராகில் இருந்த யோகான்னஸ் கெப்ளரிடம், பெயர் குறிப்பிடாத ஒரு பிரபுவுக்காக ஜாதகம் கணிக்கச் சொல்லி வேண்டுகோள் வந்தது. பழைய நாட்காட்டிப்படி 1583 செப்டம்பர் 14, பிற்பகல் 4.30 மணிப் பிறப்பு. அந்தப் பிரபு ஆல்பிரெக்ட் வான் வாலன்ஸ்டைன், பின்னாளில் புனித ரோமப் பேரரசரின் பெரும்படைத் தளபதியானவர். அவர் தம் ஜாதகப் பிரதியின் ஓரங்களில், எது எப்போது நடந்தது என்று எழுதிக்கொண்டே வந்தார். பணக்கார விதவை ஒருத்தியை 33-ஆம் வயதை ஒட்டி மணப்பார் என்பது கெப்ளரின் கணிப்பு. விதவைதான், பணக்காரிதான், ஆனால் திருமணம் 1609-இலேயே முடிந்துவிட்டது. 1625-இல், நடந்தவற்றின் தேதிகளைப் பெற்றுக்கொண்டு கெப்ளர் கணக்கை மீண்டும் பார்த்தார். பிறந்த நேரத்தை 4.36½ ஆக்கினார்.

ஆறரை நிமிடம். அவர் கையாண்ட முறையில் வானம் ஒரு பாகை நகர்வது வாழ்வின் ஓர் ஆண்டுக்குச் சமம். ஒரு பாகை நகர நான்கு நிமிடம் ஆகும். ஆக, ஆறரை நிமிடம் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். திருமணம் ஒன்றை மட்டும் பொருத்திக் காட்ட நினைத்திருந்தால், ஏழெட்டு ஆண்டு இடைவெளிக்காகக் கடிகாரத்தை ஏறக்குறைய அரை மணி நேரம் இழுத்திருக்க வேண்டும். அவர் இழுக்கவில்லை. பிறந்த நேரத் திருத்தம் என்ற கலையை ரசிக்க இந்த அடக்கத்தைவிட நல்ல வாசல் இல்லை. இந்த முறைகள் அறிவியல் சோதனையில் நிறுவப்பட்டவை அல்ல. ஆனாலும் ஒரு வாழ்க்கையை வைத்துக்கொண்டு அதன் தொடக்கக் கணத்தைத் தேடிப் பின்னோக்கி நடப்பதில் தனி அழகு உண்டு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவரே அதில் தேர்ந்தவர்.

நம் ஊரில் இந்தத் தேடல் பெரும்பாலும் பாட்டியின் நினைவிலிருந்து தொடங்கும். கோழி கூவி முடிந்த நேரம், மில் சங்கு ஊதிய நேரம், முதல் பஸ் போன பிறகு, விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால். கேட்கத் தெளிவில்லாததுபோல் இருக்கும். ஆனால் நல்ல ஜோதிடர் இதை ஒதுக்க மாட்டார். சங்கு எத்தனை மணிக்கு ஊதும், பஸ் எந்த மணிக்கு வரும் என்று விசாரித்தால் ஒரு மணி நேர வரம்பாவது கிடைத்துவிடும். ஒரு லக்னம் சராசரியாக ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம் நிற்பது. ஆகவே லக்னம் இதுவா அதுவா என்ற சந்தேகம் இரண்டு ராசிக்குள் அடங்கிவிடும். ராசியின் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சத்துக்குப் போனால்தான் சிக்கல். அது பதின்மூன்று நிமிடம் சொச்சத்துக்கு ஒருமுறை மாறும்.

அந்த இடத்தில் பழைய நூல்கள் சில சல்லடைகளைத் தருகின்றன. காளிதாசர் பெயரில் வழங்கும் உத்தர காலாமிர்தத்தில் உள்ளது ஒன்று. சூரிய உதயத்திலிருந்து பிறப்பு வரையுள்ள நாழிகையை நான்கால் பெருக்கி ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி எத்தனையோ அத்தனையாவது நட்சத்திரத்தை அசுவினி, மகம், மூலம் மூன்றிலிருந்தும் எண்ண வேண்டும். குழந்தையின் ஜென்ம நட்சத்திரம் அந்த மூன்றில் ஒன்றாக வர வேண்டும். ஆறு மணிக்கு உதயம், 10.12-க்குப் பிறப்பு என்றால் பத்தரை நாழிகை. நான்கால் பெருக்கினால் 42. ஒன்பதால் வகுத்தால் மீதி 6. திருவாதிரை, சுவாதி, சதயம். மூன்றும் ராகுவின் நட்சத்திரங்கள். குழந்தை சுவாதி என்றால் நேரம் ஒத்துப்போகிறது. சித்திரை என்றால் எங்கோ பிசகு.

இந்தச் சூத்திரத்தின் நயம் அதன் அளவில் இருக்கிறது. விடை ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். ஐம்பத்து நான்கு நிமிடத்தில் மீண்டும் அதே விடைக்குத் திரும்பும். அப்படியானால் இது மணியைக் கண்டுபிடிக்க உதவாது. மணி ஓரளவு தெரிந்த பிறகு நிமிடத்தைச் சலிக்க மட்டுமே உதவும். அதே நூல் ஆண், பெண் பார்க்க இன்னொரு கணக்கும் சொல்கிறது. நேரத்தை விநாடியாக்கி (இருபத்து நான்கு செகண்ட் கொண்ட பழைய விநாடி) 225-ஆல் வகுக்க வேண்டும். மீதி 15 வரை ஆண், 45 வரை பெண், 90 வரை ஆண், 150 வரை பெண், 225 வரை ஆண். பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து என்று பட்டைகள் அகன்றுகொண்டே போகின்றன. மேலே சொன்ன பத்தரை நாழிகை 630 விநாடி, மீதி 180, ஆண். இரண்டு சல்லடையிலும் தப்பி நிற்கும் நிமிடங்கள் கொஞ்சம்தான்.

சூத்திரத்தோடு நின்றுவிடுகிறவர் பாதிக் கலைஞர்தான். மீதி, நடந்த வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். ஜாதக நோட்டில் கர்ப்பச்செல் நீக்கி நின்ற தசை இருப்பு என்று எழுதும் வரிதான் இங்கே பிடிமானம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கச் சுமார் ஒரு நாள் ஆகும். பரணியில் பிறந்தவருக்குச் சுக்கிர தசை இருபது ஆண்டு. அந்த ஒரு நாளுக்குள் இருபது ஆண்டும் அடங்குவதால், பிறந்த நேரம் ஒரு நிமிடம் தவறினால் தசை இருப்பு ஐந்து நாள் தவறும், அரை மணி தவறினால் ஐந்து மாதம். கார்த்திகையில் பிறந்தவருக்குச் சூரிய தசை ஆறே ஆண்டு. அரை மணிப் பிசகு ஒன்றரை மாதத்தையே நகர்த்தும். ஆகவே பரணிக்காரரிடம் தந்தை இறந்த தேதியையும் தலைப்பிள்ளை பிறந்த தேதியையும் வைத்து தசா புத்தியைக் கொண்டே நேரத்தைப் பிடிக்கப் பார்க்கலாம். கார்த்திகைக்காரரிடம் அந்த வழி கைகொடுக்காது. லக்னத்துக்கும் நவாம்சத்துக்கும்தான் போக வேண்டும்.

எந்த நிகழ்ச்சியைக் கேட்பது என்பதிலும் தரம் தெரியும். உடன்பிறப்பின் பிறப்பு, பெற்றோர் மரணம், அறுவை சிகிச்சை, திருமணம் ஆகியவற்றுக்குத் தேதி உண்டு, சாட்சி உண்டு. மனக்கஷ்டம், நல்ல காலம் என்பவற்றை எந்த நிமிடத்தோடும் ஒட்டவைத்துவிடலாம். ஐந்து நிகழ்ச்சிகளைக் கேட்டு நான்கை வைத்து நேரம் பிடித்து, ஐந்தாவதைத் தொடாமல் ஒதுக்கி, கடைசியில் அதைக் கொண்டு தம் விடையைத் தாமே சோதிக்கிறவர் அபூர்வம். அவர் கையில் நோட்டைக் கொடுக்கலாம்.

கணக்கில் கைவைக்கும் முன் கடிகாரத்தின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அப்போது மருத்துவமனையில் 8.20 என்று குறித்தது உண்மையில் 7.20. இலங்கைக் கதை இன்னும் நுணுக்கம். 1996 மே மாதம் அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டது. அக்டோபரில் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகள் வசமிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. 2000-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் காலை 10.00 என்றால் கிளிநொச்சியில் 9.30. ஒரே கணத்தில் பிறந்த இரு குழந்தைகளின் குறிப்புகளில் அரை மணி வித்தியாசம். கவனிக்காமல் கணித்தால் லக்னம் ஏழரை பாகை தள்ளும், நவாம்சம் இரண்டுக்கு மேல் தாண்டிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று கனடாவிலும் லண்டனிலும் பொருத்தம் பார்க்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது நேரத்தை அல்ல, எந்த ஊர், அந்த வருஷம் அந்த ஊர் யார் கையில் என்பதைத்தான்.

நேரம் மட்டுமல்ல, தேதியும் வருடமும்கூடத் தெரியாதவருக்கு? வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே பிருகத் ஜாதகத்தில் நஷ்ட ஜாதகத்துக்கென்று தனி அத்தியாயம் வைத்தார். வந்தவர் கேள்வி கேட்கும் கணத்தில் உதயமாகும் லக்னம்தான் கருவி. ராசியின் முற்பாதி என்றால் உத்தராயணப் பிறப்பு, பிற்பாதி என்றால் தட்சிணாயணம். ராசியின் மூன்றில் ஒரு பங்கான திரேக்காணங்களில் எது என்பதைக் கொண்டு குரு நின்ற ராசி. குரு பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே ராசிக்கு வருவதால் வயது பதினெட்டு, முப்பது, நாற்பத்திரண்டு என்பதுபோல் சில விடைகளே மிஞ்சும். எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கணிதம் நிற்கும் இடத்தில் கண் தொடர்கிறது. இந்த அத்தியாயத்தின் மிக அழகான இடம் அதுதான்.

ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பிறகு சென்னையில் கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி இதே எண்ணத்தை வேறு உடையில் கொண்டுவந்தார். நட்சத்திரத்தைத் தசை ஆண்டுகளின் விகிதத்தில் ஒன்பதாகப் பிரித்து, ராசி வட்டம் முழுவதற்கும் 249 உட்பிரிவுகள் வகுத்தார். மிகச் சிறியதைக் கடக்க லக்னத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. ஜோதிடர் கணக்கில் உட்காரும் வேளையின் கிழமை நாதன், சந்திரன் நிற்கும் ராசிநாதன், நட்சத்திரநாதன், அப்போதைய லக்ன ராசிநாதன், லக்ன நட்சத்திரநாதன் ஆகிய ஐவரும் ஆளும் கிரகங்கள். பிறப்பு லக்னத்தின் அதிபதிகள் இவர்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது விதி. கேட்கும் கணமும் பிறந்த கணமும் ஒன்றையொன்று அறியும் என்ற நம்பிக்கையில் வராகமிகிரரின் உஜ்ஜயினியும் கிருஷ்ணமூர்த்தியின் சென்னையும் ஒன்றுதான்.

இன்று பிரசவ அறையில் நிமிடம் பிசகாமல் குறிக்கிறார்கள். நாள் பார்த்து, லக்னம் பார்த்து சிசேரியனுக்கு நேரம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. ஆனாலும் தலை வெளிவந்த கணமா, உடல் முழுதும் வந்த கணமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. இவற்றுக்கு நடுவே ஒரு நவாம்சம் மாறிவிடலாம். அதனால்தான் நேரம் 9.42 என்று அச்சிட்ட சீட்டைக் கொடுத்தாலும், தேர்ந்தவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தைக்கு அக்கா உண்டா, அவள் எந்தத் தேதியில் பிறந்தாள் என்று கேட்கிறார்.