நின்றுபோன தொடருக்கு மிச்சக் கதை

2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு கோலார் தங்கவயலுக்குக் காலை ரயில்தான் பிழைப்பு. மாரிகுப்பத்தில் ஏறி உட்கார இடம் கிடைத்தால் பெங்களூர் போய்ச் சேர்வதற்குள் ஐம்பது அறுபது பக்கம் தள்ளிவிடலாம். என்னோடு ரயிலில் வருகிற நண்பர் ஒருநாள் என் கையிலிருந்த நாவலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ‘ஃபயர்ஃபிளை’. “இந்த சீரியல் எப்பவோ நின்னுபோச்சின்னியே, அப்புறம் இன்னா இன்னும் எழுதிக்கினு கீறான்?” என்றார்.

நியாயமான கேள்வி. 2002இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அந்தத் தொடரில் எடுத்த 14 பகுதிகளில் 11ஐ மட்டும், அதுவும் வரிசை மாற்றி ஒளிபரப்பிவிட்டுக் கடையைக் கட்டியது. முதல் பகுதியே கடைசியில்தான் வந்தது. நம் ஊரிலும் தொடர்கள் இப்படித்தான் சாகின்றன. பார்வையாளர் குறைந்தால், ஆறு மாதம் இழுத்த சண்டை ஒரே வெள்ளிக்கிழமையில் சமாதானமாகி, குடும்பமே வரிசையாக நின்று கும்பிடு போடும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி நம்மில் யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் கேட்கிறார்கள், அந்தக் கேள்விக்கு விலை போட்டு, உரிமம் வாங்கி, நாவலாக விற்கிறார்கள்.

இந்த வழக்கத்தை இலக்கியக்காரர்கள் மதிப்பதில்லை. ரசிகர்கள் குறை காண விடுவதில்லை. என் கணக்கு இரண்டுக்கும் ஒத்துவராது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் துணைநாவல் வாடகை வீட்டில் ஆணி அடிக்கப் பயப்படுகிறவன் மாதிரி. யாரையும் கொல்லக் கூடாது, கட்டிவைக்கக் கூடாது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு வெளியேற வேண்டும். தொடர் செத்த பிறகுதான் நாவலாசிரியனுக்குக் கை நீளுகிறது.

‘டாக்டர் ஹூ’ இதற்கு நல்ல சாட்சி. 1963இல் தொடங்கிய தொடரை 1989இல் பிபிசி நிறுத்தியது. 1991 ஜூனில் வர்ஜின் பதிப்பகம் ‘நியூ அட்வென்ச்சர்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கி, தொடரின் நாயகனான டாக்டரை வைத்து 61 நாவல்கள் போட்டது. பெயர் தெரியாத ரசிகர்களின் கையெழுத்துப் பிரதிகளையும் வாங்கிப் படித்தார்கள். மார்க் கேட்டிஸ், பால் கார்னெல், ரஸ்ஸல் டி டேவிஸ் மூவரும் அங்கே எழுதியவர்கள். 2005இல் தொடரைத் திரும்ப உயிர்ப்பித்தவர் டேவிஸ்; மற்ற இருவரும் அந்த முதல் வருடமே அவருக்கு எழுதினார்கள்.

கார்னெலின் ‘ஹ்யூமன் நேச்சர்’ (1995) ஒன்றை மட்டும் கிட்டே வைத்துப் பார்க்கலாம். டாக்டர் தன் நினைவையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, 1914இல் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக, வெறும் மனிதனாக வாழ்கிறார். ஒரு பெண்ணை நேசிக்கிறார். ஏன் மனிதனானார்? நாவலில் அது அவருடைய விருப்பம். காதலனை இழந்து நிற்கும் தோழி பெர்னிஸின் துக்கம் அவருக்குப் பிடிபடவில்லை. அந்த வலி எப்படி இருக்கும் என்று அறியத்தான் மனிதனாகிறார். 2007இல் கார்னெலே இதைத் தொலைக்காட்சிக்கு மாற்றி எழுதினார். அதில் துரத்தி வருகிறவர்களிடமிருந்து ஒளிந்துகொள்ளவே டாக்டர் மனிதனாகிறார். நல்ல பகுதிதான், ஆனாலும் காரணம் சிறுத்துவிட்டது. திரைக்கு ஓட்டம் வேண்டியிருந்தது. எழுத்து ஒருவனுடைய ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடிந்தது.

இனி சறுக்கல்கள். ‘ஸ்டார் ட்ரெக்: என்டர்பிரைஸ்’ 2005இல் நிறுத்தப்பட்டபோது கடைசிப் பகுதியில் ட்ரிப் என்ற பொறியாளர் செத்துப்போகிறார். ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. 2007இல் வந்த ‘தி குட் தட் மென் டூ’ நாவல், சாவே பொய்க்கணக்கு, அவர் எதிரிகளான ரோமுலன்களிடம் வேவு பார்க்கப் போயிருந்தார் என்றது. நம் தொடர்களில் நடிகர் விலகினால் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போடுவார்களே, அதைவிட இது ஒன்றும் உயர்ந்த வேலையில்லை. மோசமான முடிவை மாற்றலாம், தப்பில்லை. மாற்றுவதற்காகவே ஒரு நாவல் என்றால் அது மனு எழுதுகிற வேலை.

இன்னொன்று, முகச் சோம்பல். வாசகனுக்கு நடிகரின் முகமும் நடையும் மனப்பாடம் என்பதால் எழுத்தாளர் ஆளை எழுதுவதையே விட்டுவிடுகிறார். தொடரில் பிரபலமான ஒரு வசனத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்றாகிவிடுகிறது. ஃபயர்ஃபிளை நாவல்களில் இந்த நோய் அதிகம். தொடருக்கும் அதன் தொடர்ச்சியாக 2005இல் வந்த ‘செரினிட்டி’ படத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் பெரும்பாலும் குடித்தனம் நடத்துபவை அவை. யார் சாவார்கள் என்று படம் சொல்லிவிட்டதால் அவர்களுக்கு நாவலில் ஆபத்தே வர முடியாது.

தமிழில் இந்தத் தொழில் உரிமத்தோடு வளரவில்லை. ஆசை மட்டும் பழசு. 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, அவர் என்னானார், இவர் என்னானார் என்று துளைத்த வாசகர்களுக்குக் கல்கி முடிவுரையே எழுத வேண்டிவந்தது. பிறகு விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையை மேலே கொண்டுபோனார். ராஜராஜனும் குந்தவையும் சரித்திரத்துக்குச் சொந்தம், யாரும் எழுதலாம். பூங்குழலி கல்கிக்கு மட்டுமே சொந்தம். தொடர்ச்சி எழுதுகிறவர் தடுமாறும் இடம் இந்த இரண்டாம் வகை ஆட்களிடம்தான்.

அறிவியல் புனைவில் நமக்கு ஜீனோ உண்டு. ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வின் நாய் ரோபோ. நாவல் தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. வாசகர்கள் விடவில்லை, சுஜாதாவே ‘மீண்டும் ஜீனோ’ எழுதினார். 2008இல் அவர் போன பிறகு மூன்றாவது ஜீனோவை இன்னொருவர் எழுதினால் வாங்குவேனா? வாங்குவேன். ஆனால் ஜீனோவிடம் இருப்பது முகமோ உடுப்போ இல்லை, குறும்பும் படிப்பும் கலந்த பேச்சு. அதை உரிமம் வாங்கி எடுத்துவர முடியாது.

எழுதியவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது தனிக் கசப்பு. ‘ஸ்டார் ட்ரெக்’கின் பழைய தொடர்கள் சில ஓய்ந்த பிறகு நாவலாசிரியர்கள் சேர்ந்து ஏறக்குறைய இருபது வருடம் ஒரே காலவரிசையை வளர்த்தார்கள். 2020இல் ‘பிகார்ட்’ திரைக்கு வந்து வேறு கதை சொன்னது. மறுவருடம் ‘கோடா’ என்ற மூன்று நாவல்களில், தாங்கள் கட்டிய அந்தக் காலவரிசையைத் தாங்களே கதைக்குள் அழித்தார்கள். வீட்டுக்காரன் திரும்பி வந்தான், குடியிருந்தவர்கள் காலி செய்தார்கள். காலி செய்வதையும் மூன்று புத்தகமாக எழுதிய கம்பீரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நண்பர் செரினிட்டி படத்தைப் பார்த்திருக்கிறார். அட்டையிலிருந்த விண்கலத்தைத் தட்டி, “இத ஓட்டுவானே, பொம்மை டைனோசர் வெச்சிக்கினு விளையாடுவான், அவன் படத்துல பூட்டான் இல்ல?” என்றார்.

“படத்துல பூட்டான். இதுல இன்னும் ஓட்டிக்கினு கீறான்.”

பங்காருபேட்டை வந்துவிட்டது. “முடிச்சிட்டுக் குடு” என்று சொல்லிவிட்டு டீ வாங்க இறங்கினார்.