தன்மையும் ஓர் அணி

2009 ஏப்ரலில் பாரிஸிலிருந்து வெளிவரும் 'எல்' பத்திரிகை, மோனிகா பெலூச்சி, ஈவா ஹெர்ஸிகோவா, சோஃபி மார்சோ முதலிய பிரபலங்களை ஒப்பனை இல்லாமல் அட்டையில் போட்டது. படம் எடுத்தவர் பீட்டர் லிண்ட்பெர்க். முகத்தில் பூச்சு இல்லை, எடுத்த பிறகு படத்தில் திருத்தமும் இல்லை என்பது அந்த இதழின் அறிவிப்பு. பிறகு இது ஒரு மோஸ்தராகிவிட்டது. ஏதாவது ஒரு நாட்டில், ஏதாவது ஒரு ஃபேஷன் பத்திரிகை, யாராவது ஒரு நட்சத்திரத்தின் 'வெறும் முக'த்தை விற்றுக்கொண்டிருக்கிறது. இதைப் பெரிய விடுதலை என்று நம் நண்பர்களிலேயே சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முழுக்கப் போலி என்று தள்ளிவிடுவதும் என் நோக்கமல்ல. அந்த அட்டைகளில் என்னை உறுத்துவது முகம் அல்ல, முகத்தின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் வாக்கியம்.

அந்த வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது? ஓர் அழகான பெண்ணின் அழகான படம். பூச்சு இருந்ததா இல்லையா என்று படம் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. லிண்ட்பெர்க் கறுப்பு வெள்ளைப் படங்களால் பெயர் பெற்றவர். 1990 ஜனவரியில் பிரிட்டிஷ் 'வோக்' அட்டைக்காக ஐந்து மாடல் பெண்களை நியூயார்க் தெருவில் நிறுத்தி அவர் எடுத்த படம் ஒரு தலைமுறையின் ரசனையையே திருப்பிவிட்டது என்பார்கள். அவரைப் போன்ற ஒருவர் கையில் ஒளியே பூச்சின் வேலையைச் செய்துவிடும். கன்னத்தில் எது தெரிய வேண்டும், கண்ணுக்குக் கீழே எது மறைய வேண்டும் என்பதையெல்லாம் அது தீர்மானித்துக்கொள்ளும். இதற்கு முன்னால் தேர்வு என்று ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. உலகத்திலேயே ஒப்பனை மிகக் குறைவாகத் தேவைப்படும் சிலரைப் பொறுக்கியெடுத்து, இவர்களுக்கு ஒப்பனை இல்லை பார் என்பது ஒரு வேடிக்கைதான். ஆக அட்டையில் 'உண்மை' என்று நாம் வாங்குவது படத்தில் இல்லை. வாக்கியத்தில் இருக்கிறது.

அதே பிரான்ஸில் 2017 அக்டோபரிலிருந்து, விளம்பரப் படங்களில் மாடலின் உடலைக் கணிப்பொறியில் மெலிதாக்கியோ பருமனாக்கியோ இருந்தால் 'திருத்திய படம்' என்று அச்சிட வேண்டும் என்று விதி வந்தது. அங்கே பொய்க்குச் சீட்டு ஒட்டினார்கள். இங்கே மெய்க்கு ஒட்டுகிறார்கள். இரண்டு சீட்டுக்கும் அடியில் ஒரே ஒப்புதல்தான் இருக்கிறது: படத்தைப் பார்த்து இனிமேல் எதையும் நம்ப முடியாது. 2020 ஜூலையில் பிரிட்டிஷ் 'வோக்' ஒரு ரயில் ஓட்டுநர், ஒரு மருத்துவச்சி, ஒரு கடை ஊழியர் என்று மூன்று பெண்களை வேலை உடையிலேயே அட்டைகளில் போட்டபோது தலைப்பு அவர்களுடைய வேலையைப் பற்றி இருந்தது, தோலைப் பற்றி அல்ல. பூச்சு நட்சத்திரத்தின் சொத்து. சொத்து உள்ளவர்தான் துறக்க முடியும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஜி.ஆரைப் பிற்காலத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல் பொதுவில் யாரும் பார்த்ததில்லை. 1987 டிசம்பரில் ராஜாஜி மண்டபத்தில் வைத்த உடலும் அவற்றோடுதான் இருந்தது. ரஜினிகாந்த் இதற்கு நேர்மாறு. வழுக்கையும் நரைத்த தாடியுமாக மேடைக்கு வருகிறார், மறுநாள் திரையில் விக்கோடு வருகிறார், ஜனங்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அதை 'எளிமை' என்கிறோம். ஒரு நடிகை அதையே செய்தால் 'துணிச்சல்' என்கிறோம். துணிச்சல் என்று சொல்ல எதிரே ஏதாவது ஆபத்து இருக்க வேண்டும். என்ன ஆபத்து? அவள் முகத்துக்குப் போட்ட விலை இறங்கிவிடும் என்பதுதான். பாராட்டுகிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலே சந்தையின் கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள்.

சாய் பல்லவியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கோத்தகிரிப் பெண். 2015-இல் 'பிரேமம்' என்ற மலையாளப் படத்தில் மலர் என்ற தமிழ் ஆசிரியையாக, கன்னத்துப் பருக்கள் அப்படியே தெரிய வந்தார். அந்தப் பருக்களுக்குப் படம் அடிக்கோடு போடவில்லை. அவை இருந்தன, அவ்வளவுதான். படம் பார்த்த இளைஞர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். 2019-இல் சிவப்பழகு க்ரீம் விளம்பரம் ஒன்றை அவர் மறுத்தார், தொகை இரண்டு கோடி என்று செய்தி வந்தது. மறுப்பு மரியாதைக்குரியது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. (மறு வருஷம் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. டப்பி அதே டப்பி.) ஆனால் அதன் பிறகு பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'மேக்கப் போடாத நடிகை' என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொள்கிறது. அவருடைய நடிப்பைப் பற்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடியாதவர்கள்கூட அந்த அடைமொழியை விடுவதில்லை. இல்லாத பூச்சு இப்படி இருக்கும் பூச்சாகிவிடுகிறது. அவர் செய்த குற்றம் அல்ல இது.

நான் எதை வேண்டுகிறேன் என்று கேட்டால் 'வீடு' படத்தைக் காட்டுவேன். பாலு மகேந்திரா 1980களின் பிற்பகுதியில் எடுத்தது. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. வேலைக்குப் போகும் சுதா, அவள் தங்கை, வயசான தாத்தா. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது, சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறார்கள். கதை இவ்வளவுதான். படத்துக்காக ஒரு வீட்டையே கட்டினார்கள். அர்ச்சனாவின் முகம் முதல் காட்சியிலிருந்தே மாநிறம், களைப்பு, வியர்வை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி, கட்டட வேலை நடக்கும் வெயிலில் வேறு மாதிரி. ஆனால் நாம் பார்ப்பது ஒப்பனையற்ற முகத்தை அல்ல. கடன் கிடைக்குமா, மேஸ்திரி சிமெண்ட்டைத் திருடுகிறானா என்று கணக்குப் போடும் முகத்தை. பூச்சு இல்லை என்பது வீட்டுக்கு வந்து யோசித்தால்தான் நினைவுக்கு வரும். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய சுவர்களைப் பார்க்க வெயிலில் தனியே வந்து நிற்கும் இடத்தில், அவர் முகச் சுருக்கங்களை எந்தப் பத்திரிகையாவது அட்டையில் போட்டு 'திருத்தப்படாதது' என்று எழுதினால் எவ்வளவு ஆபாசமாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒளிப்பதிவாளரே இயக்குநராக இருந்ததில் ஒரு நன்மை: ஒளி எங்கே பொய் சொல்லத் தொடங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய எல்லாப் படங்களைப் பற்றியும் இதைச் சொல்ல மாட்டேன்.

பூச்சுக்கு நான் விரோதி என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. தென்னாற்காட்டுக்காரன் அப்படி இருக்க முடியாது. கூத்தில் துரியோதனன் சிவப்பு முகத்தோடு திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறான். இரண்டு பேர் பிடித்த திரை விலகினதும் கிரீடமும் புஜக்கட்டையுமாகக் குதித்து வருகிறான். அந்த முகம் யாரையும் ஏமாற்றுவதில்லை. பூசியிருக்கிறது என்று அதுவே சொல்லிக்கொண்டு வருகிறது. படுகளத்தன்று பட்டப்பகலில் வியர்வையோடு வண்ணம் கழுத்தில் வழியும்போதும் திரௌபதியம்மன் கோவில் வாசலில் இருக்கும் பெண்கள் அழுகிறார்கள். அரிதாரம் கரைந்தால் நம்பிக்கை கரைவதில்லை.

எங்கள் பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிறவர்களிடம் நான் பார்த்தது வேறு. அச்சில் எடுத்துக் காயவைத்துச் சுட்ட பொம்மை செங்கல் நிறத்தில் வரும். அதற்கு வெள்ளை அடித்து, வண்ணம் தீட்டி, கடைசியில்தான் கண் எழுதுகிறார்கள். வண்ணம் ஏறாத பொம்மை அவர்களைப் பொறுத்தவரை வேலை முடியாத பொம்மை, காசு தர மாட்டார்கள். நகரத்து கைவினைக் கடை ஒன்றில் வண்ணமில்லாத அதே மண் நிறப் பொம்மையை, 'இயற்கை' என்று சீட்டு எழுதி, தீட்டினதைவிடக் கூடுதல் விலைக்கு வைத்திருந்தார்கள். தீட்டுகிறவரின் கூலி இதில் மிச்சம். விலை மட்டும் ஏறியிருக்கிறது. வெறும் முக அட்டையின் பொருளாதாரம் முழுவதும் இந்தப் பொம்மையில் இருக்கிறது.

இதெல்லாம் நம் பழைய இலக்கணக்காரர்களுக்குத் தெரியாததல்ல. தண்டியலங்காரம் பொருளணி முப்பத்தைந்தைச் சொல்லும்போது முதலில் வைப்பது உவமையையோ உருவகத்தையோ அல்ல, தன்மையை. உள்ளதை உள்ளபடி சொல்வதும் ஓர் அணி, அதுவும் முதல் அணி. வடமொழியில் குந்தகர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இயல்பே அணி என்றால் அணிந்துகொள்ளும் உடம்பு எது என்பது அவர் கேள்வி. நல்ல கேள்விதான், ஆனால் எனக்குத் தண்டி பக்கம் நிற்கத் தோன்றுகிறது. உள்ளதை உள்ளபடி சொல்வது சும்மா இருந்தால் வந்துவிடுவதில்லை. உவமைக்கு வேண்டிய அளவு, சில சமயம் அதைவிட அதிகமான, கவனமும் தொழிலும் அதற்கு வேண்டியிருக்கிறது. அதை அணி என்று எண்ணிக் கணக்கில் வைத்ததால், ஆபரணமே இல்லாதவன் நான் என்று யாரும் கிளம்பிவிட முடியாதபடி அவர் ஒரு வாசலை அடைத்துவிட்டார்.

நாம் அந்த வாசலைத் திறந்துகொண்டோம் என்பதுதான் என் புகார். 1959-இல் 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதை யாப்பை விட்டபோது, அலங்காரத்தை உதறினபோது, அதற்கு ஒரு தேவை இருந்தது. மரபுக் கவிதை அன்று மேடைக்குப் பூசின முகமாக இருந்தது. உதறினவர்களில் நல்ல கவிஞர்கள் உதறினதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை, வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று வரும் தொகுப்புகளில் பாதிக்கு மேல் முன்னுரையிலேயே சீட்டு ஒட்டிக்கொண்டு வருகின்றன. 'பாசாங்கற்ற', 'பூச்சுகளற்ற', 'ரத்தமும் சதையுமான'. பின்னட்டையில் சவரம் செய்யாத முகம், சுவரோரம் விழும் மாலை வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காக ஒருவர் அரை மணி காத்திருந்திருப்பார் என்பது படத்திலேயே தெரிகிறது. நாம் மதிப்புரை எழுதும்போது அந்த முன்னுரைச் சொற்களையே எடுத்து ஆண்டு, கவிதையைப் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நான் உள்பட ஐம்பது பேர் படிக்கும் பத்திரிகையில் இது நடப்பது, லட்சம் பேர் வாங்கும் பத்திரிகையில் நடப்பதைவிட எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. அவர்களுக்கு விற்பனை என்று ஒரு சமாதானமாவது இருக்கிறது.

சமீபத்தில் எங்கள் பக்கத்து இளைஞர் ஒருவரின் தொகுப்பு மதிப்புரைக்கு வந்தது. திறமை உள்ளவர். முந்திரிக்கொட்டை உடைக்கும் அம்மாவைப் பற்றிய கவிதை அதில் பெரிதாகப் பேசப்படுகிறது. அம்மாவின் கைகள் வெறும் கைகள், எதையும் பூசி அறியாதவை என்கிற மாதிரி அந்தக் கவிதை போகிறது. முன்னுரை எழுதினவர் அந்த இடத்தை எடுத்துக்காட்டி, தமிழில் இவ்வளவு அலங்காரமற்ற கவிதை வந்ததில்லை என்கிறார். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் பால் தோலைப் பொசுக்கிவிடும். பட்ட இடம் கறுத்து, உரிந்து, புண்ணாகும். அதனால் உடைக்க உட்காரும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டுதான் உட்காருகிறார்கள், நடுநடுவே மறுபடியும் பூசிக்கொள்கிறார்கள். இது இவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது, அந்தக் கொட்டகையில் வளர்ந்தவர். கை வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது, எண்ணெயைத் துடைத்துவிட்டார். அடுத்த பதிப்பில் அதைத் திரும்பச் சேர்க்க முடியுமா பார்க்கும்படி அவருக்கு எழுதியிருக்கிறேன். முன்னுரையை எடுத்துவிடும்படியும் எழுதியிருக்கிறேன்.