ஆறு மீட்டர் அகலத்தில் பழவேற்காடு

என் சித்தி மகன் ஒருத்தன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்கு போனஸ் வந்த கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு லிஸ்ட் அனுப்பினான். ஒரு கேமரா பாடி, கூடவே வரும் கிட் லென்ஸ், 150-600 எம்எம் ஜூம், ட்ரைபாட், இதையெல்லாம் அடுக்க ஒரு பெரிய முதுகுப்பை. கீழே ஒரே வரி: "ஓகேவாணா? பழவேற்காட்டுல பூநாரை எடுக்கணும்."

லிஸ்டில் தப்பென்று எதுவும் இல்லை. பறவைப் படம் எடுக்க ஆசைப்படும் யாரும் நாலு வீடியோ பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. எந்த ஊர்க்காரன் கேட்டாலும் அதே லிஸ்ட் வருகிறது என்றால், அந்த ஆலோசனையில் ஊர் எங்கே இருக்கிறது? "கொஞ்சம் பொறு, ஒரு ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போயிட்டு வந்து பேசலாம்" என்றேன். ஜனவரியில் போனோம். அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்த விமர்சன வீடியோக்கள் எதை அளக்கிறார்கள் என்று பார்ப்போம். படத்தின் மூலையில் கூர்மை எப்படி, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், பறவையின் கண்ணை ஆட்டோஃபோகஸ் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது. எல்லாம் உண்மையான அளவுகள்தான், பொய் சொல்வதில்லை. ஆனால் பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, கூட்டமான பஸ்ஸில் பழவேற்காடு போய், வெயிலில் நடந்து திரும்புகிறவனின் தோள்பட்டையை யாரும் அளப்பதில்லை. 150-600 லென்ஸ் மட்டுமே ஏறத்தாழ 2 கிலோ. பாடி, கிட் லென்ஸ், ட்ரைபாட், பையின் சொந்த எடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்தால் 6 கிலோவைத் தாண்டும். முதல் மாதம் தூக்குவோம். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். வாங்கி இரண்டே வருடத்தில் "பத்தே தடவைதான் யூஸ் பண்ணது" என்று விற்பனைக்கு வரும் லென்ஸ்களில் இந்த வகை ஏன் இத்தனை என்று யோசித்தால் புரியும்.

எடையாவது பரவாயில்லை, பழகிவிடும். என் பெரிய புகார் வேறு. அதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டும். சென்சாரின் அகலத்தைப் பொருள் இருக்கும் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் படத்துக்குள் எத்தனை அகலம் அடங்கும் என்று வரும். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36 எம்எம் அகலம். 100 மீட்டர் தூரத்தில் 600 எம்எம் லென்ஸ் காட்டுவது 6 மீட்டர். அதே இடத்தில் நின்று 35 எம்எம் லென்ஸில் பார்த்தால் 100 மீட்டருக்கும் கொஞ்சம் மேலே. தம்பி லிஸ்டில் இருந்ததுபோன்ற சின்ன ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் 600இல் 4 மீட்டர்கூட இல்லை.

பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். அதை நாலு மீட்டர், ஆறு மீட்டர் துண்டாக வெட்டிக்கொண்டு வருகிறோம். பழவேற்காடு என்று இணையத்தில் படம் தேடிப் பாருங்கள். இளஞ்சிவப்புப் பூநாரைக் கூட்டம், பின்னால் மங்கலான நீலம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மங்கலான நீலம் எந்த ஊர் ஏரியாகவும் இருக்கலாம். குஜராத்தின் கட்ச் என்று சொன்னாலும் நம்பிவிடுவோம்.

அந்த ஆறு மீட்டருக்கு வெளியே என்ன இருக்கிறது? இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு. டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சம், எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு ஒரு டச்சுக் கல்லறைத் தோட்டம். சென்னையிலிருந்து வரும் வழியில், எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் பக்கம் ரயில் ஜன்னலிலேயே தெரியும் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். ஏரியில் நடக்கும் சண்டையெல்லாம், தண்ணீர் யாருக்கு, கரை யாருக்கு, துறைமுகம் எவ்வளவு தூரம் நகரும் என்பதெல்லாம், அந்தப் பெரிய அகலத்தில்தான் நடக்கிறது. வலைக்கும் பறவைக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் காட்டும் லென்ஸ் ஒன்று நம் பையில் இல்லாவிட்டால், அந்தச் சண்டை நமக்குத் தெரியவே போவதில்லை.

இதைப் படித்துவிட்டு, லாங் லென்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்க வரலாம். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, இறகெல்லாம் கருப்பாக ஒட்டிப்போன கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். மீனவர்கள் படகிலும் உடம்பிலும் படிந்த எண்ணெயைக் காட்டியது ஒரு பக்கம் என்றால், பறவைகளுக்கு நேர்ந்ததை ஊர் பார்த்தது தூரத்திலிருந்து எடுத்த படங்களால்தான். இன்னொன்றும் உண்டு. 200 எம்எம்மை வைத்துக்கொண்டு பூநாரையை ஃப்ரேம் நிறைய எடுக்க ஆசைப்படுகிறவன் சேற்றில் இறங்கிக் கிட்டே போவான். கூட்டம் எழும்பிப் பறக்கும். அவனுக்கு நல்ல படம் கிடைக்கும், நெடுந்தூரம் பறந்து வந்த பறவைக்கு மேய்ச்சல் போகும். அந்த வகையில் 600 எம்எம் ஒரு மரியாதையான கருவி. தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறது.

அதனால் நான் சொல்வது அந்த லென்ஸ் கூடாது என்பதல்ல. முதல் லென்ஸாகக் கூடாது என்பதுதான். முதல் லென்ஸ் நமக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறது. பிற்பாடு மாற்றுவது கஷ்டம். போதாததற்கு, இங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றுத் திட்டிலிருந்து கானல் எழும்பத் தொடங்கிவிடும். தூரத்துப் பறவை அலையலையாக நெளியும். ஒரு லட்சத்தை ஒட்டிய லென்ஸும் இரண்டு லட்ச லென்ஸும் அந்தக் காற்றின் முன்னால் ஒன்றுதான். அன்றைக்கு நானே என் நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்த லாங் லென்ஸைத் தம்பியிடம் கொடுத்தேன். ஏழரைக்கு எடுத்த படங்கள் நன்றாக வந்தன. பத்து மணிக்கு எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஃபோகஸ் போச்சாணா?" என்றான். ஃபோகஸ் சரியாகத்தான் இருந்தது.

நம் ஊரிலேயே வேறு மாதிரி யோசித்தவர்கள் உண்டு. மா. கிருஷ்ணன் (1912-1996) சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர். 1950இலிருந்து சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதியவர். யானையையும் காட்டெருதையும் கருப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய கேமரா பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே ஒப்பேற்றியது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்திருந்தார். எனக்குப் பிடித்தது அந்த வரிசை: அவருக்கு முதலில் காடு தெரிந்திருந்தது, அதற்கேற்றபடி கேமராவைச் செய்துகொண்டார். நாம் முதலில் கேமராவை வாங்கிவிட்டு அதற்கேற்ற காட்டைத் தேடுகிறோம்.

நம் காலத்தில் மதுரைக்காரர் பழனிக்குமார் இருக்கிறார். 2022இல் தயாநிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதின் முதல் விருதாளர். ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். அவை கரையில் நின்று எடுக்கக்கூடிய படங்களே இல்லை. அந்தப் பெண்கள் அவரைப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள், அது படத்தில் தெரிகிறது. அந்த அனுமதி எந்தக் கடையிலும் கிடைக்காது.

இனி பை. இதில் எனக்குச் சொந்தத்தில் சூடு விழுந்திருக்கிறது. சில வருடம் முன்பு நல்ல பஞ்சு வைத்த, ஏழெட்டு அறை உள்ள பை ஒன்று வாங்கி, கேமராவை அதிலேயே வைத்து மூடி அலமாரி மேல் போட்டுவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் திறந்தால், லென்ஸுக்குள் சிலந்தி நூல் மாதிரிப் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலிக்குப் பழைய லென்ஸ் ஒன்றே வாங்கியிருக்கலாம். பையின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதுதான் அதன் குணம். காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேலேயே நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். கடலோர மாவட்டத்தில் அது வருடத்தில் பாதிக்கு மேல். பை தூக்கிப் போவதற்கு, வைத்திருப்பதற்கு அல்ல என்று எந்த பை விமர்சனத்திலும் நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் கேமராவை வெளியே எடுத்து, காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பாத்திரக்கடை டப்பாவே போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லச் சூடாக்கித் திரும்பப் போடலாம். கடற்கரை போய் வந்தால் லேசாக ஈரமான துணியால் பாடியைத் துடைத்துவிடுங்கள், உப்பு போகும்.

தம்பி கேட்ட பைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவன் தங்குவது நாலு பேர் சேர்ந்து இருக்கும் அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. 'உள்ளே இரண்டு லட்சம் இருக்கிறது' என்று தூரத்திலிருந்தே சொல்லும் பை அங்கே எதற்கு? பழைய காலேஜ் பை, உள்ளே ஒரு மெத்தைத் தடுப்பு, அவ்வளவுதான் தேவை. சிப்காட் ரோட்டில் பெரிய பையும் நீள லென்ஸுமாக நின்றால் டீக்கடைக்காரர்கூட "சார் எந்த பேப்பர்?" என்பார். ஆலை கேட்டில் செக்யூரிட்டி எழுந்து வருவார், அவர் வேலை அது. சின்னக் கேமராவோடு போனால் முதலில் பேச்சு நடக்கும், பிறகு கேட்டுவிட்டு எடுக்கலாம். தூசிக்கும் அதுதான் நல்லது. ஸ்பாஞ்ச் இரும்பு, உருக்கு ஆலைகள் இருக்கும் அந்தப் பக்கத்து ஊர்களில் மொட்டைமாடியில் கரித்தூள் படிகிறது என்று மக்கள் பல வருடமாகப் புகார் சொல்கிறார்கள். அந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாட்டினால் தூள் சென்சாரில் உட்காரும். ஒரே லென்ஸை மாட்டிவிட்டுக் கழற்றாமல் இருப்பது உத்தமம்.

திரும்பும்போது பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்த நேரத்தில்தான் அவனிடம் முக்கியமானதைக் கேட்டேன். "பூநாரைய எடுக்க வாரம் ஐநூறு பேர் வர்றான். உங்க ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வர்ற கூட்டத்த எத்தன பேர் எடுத்திருக்கான்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அதுல என்னணா இருக்குது" என்றான். அப்புறம் அவனே சொல்ல ஆரம்பித்தான். ஒடிசா, பீகார் பையன்கள் பத்துப் பேர் ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைப்பது, டீக்கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி எழுத்து வந்தது, நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் கண் கூசி நிற்கும் முகங்கள். அவன் உள்ளே இருக்கிறவன். இதையெல்லாம் எடுக்க அவனுக்கு இருக்கும் உரிமையும் நெருக்கமும் எனக்கோ சென்னையிலிருந்து போகும் வேறு யாருக்குமோ கிடையாது. 600 எம்எம் லென்ஸ் அவனை அந்த இடத்திலிருந்து கிளப்பி, எல்லோரும் நிற்கும் கரையில் ஐநூற்று ஒன்றாவது ஆளாக நிறுத்தியிருக்கும்.

கடைசியில் அவன் வாங்கியது: செகண்ட் ஹேண்டில் ஒரு ஏபிஎஸ்-சி பாடி, 35 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். லென்ஸின் எடை 200 கிராம். அந்தச் சென்சாரில் அது நம் கண் பார்வைக்குக் கிட்டத்தட்ட சமம். அகலமான காட்சிக்கு செல்போனே இருக்கிறது. லிஸ்டில் போட்ட தொகையில் பாதிக்கு மேல் கையில் மிச்சம்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினான். அறையில் உடன் இருக்கும் ஒருவர், விடிகாலை, வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறார். காலுறை கழற்றிய இடத்தில் பாதத்துக்கும் கணுக்காலுக்கும் நடுவே கரிக்கோடு. ஃபோகஸ் கொஞ்சம் தவறித்தான் இருக்கிறது. கூடவே ஒரு வரியும் இருந்தது: "அடுத்த போனஸுக்கு அந்த 600 வாங்கலாமாணா?"

வாங்கட்டும். இப்போது எனக்கு ஆட்சேபம் இல்லை.