விளாதிமிர்: ஒரு ஸ்லாவியப் பெயரின் பொருளும் வடிவமும்

தமிழ் அச்சில் நன்கு வேரூன்றிவிட்ட ஸ்லாவிய ஆட்பெயர்களுள் ஒன்று விளாதிமிர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் நூல்கள் வாயிலாக அது ஒரு தலைமுறையினருக்கு அறிமுகமாயிற்று. 2022இல் மூண்ட போரின் செய்திகள் வாயிலாக மற்றொரு தலைமுறையினரிடம் வந்து சேர்ந்துள்ளது. இப்பெயர்க்கு ‘உலகை ஆள்பவன்’ எனப் பொருள் கூறுவது பெரும்பான்மை வழக்கு. ‘அமைதியுடன் ஆள்பவன்’ என்பாரும் உளர். இவ்விரண்டும் பெயரின் தொடக்கப் பொருள் அல்ல. ஒரு பெயரில் பிற்காலத்தார் கேட்ட பொருள் வேறு, அப்பெயர் பிறந்தபோது கொண்டிருந்த பொருள் வேறு. இவ்வேறுபாட்டைப் பேணாத விளக்கங்கள் மொழிபெயர்ப்பு நூல்களின் அடிக்குறிப்புகளிலும் புகுந்துவிடுவதால், பெயரைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையது.

பெயரின் முதற்கூறு பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. ‘ஆளுதல்’ எனப் பொருள்படும் *வொல்த் என்னும் தொல் ஸ்லாவிய வேரே அது. லித்துவேனிய வல்தீதி, கோதிக் வல்தன், ஜெர்மானிய வால்ட்டன் ஆகியன இதன் இனச்சொற்கள். இரு மெய்களுக்கு இடையே நின்ற ஒல் என்னும் அசை ஸ்லாவியக் கிளைகளில் மூன்று வகையாகத் திரிந்தது. தென்ஸ்லாவியத்திலும் செக்கிலும் ஒலியிடம் மாறி லா ஆயிற்று. போலிஷ் மொழியில் லொ ஆயிற்று. கீழை ஸ்லாவியத்தில் லகரத்தின் இருபுறமும் உயிர் நின்று ஒலொ ஆயிற்று. எனவே ஒரே பெயர் பல்கேரியருக்கும் செர்பியருக்கும் வ்லாதிமிர் எனவும், போலந்தினருக்கு வ்லொஜிமியெஷ் எனவும், கீவ் நகரத்தாருக்கு வொலொதிமிர் எனவும் வழங்குகின்றது. தமிழ் மரம் பழந்தெலுங்கில் ம்ரானு என நிற்பதை அறிந்தோர்க்கு இவ்வகை ஒலியிடமாற்றம் புதிதன்று. எனினும் இரண்டன் காரணங்களும் வேறு. உவமை அளவிலேயே இதனைக் கொள்ளல் வேண்டும்.

இரண்டாம் கூறுதான் சிக்கலுக்கு இடமானது. பழைய வடிவங்களில் இது யாத் என்னும் எழுத்தால் எழுதப்பட்டு, மேர் என்பதை ஒத்து ஒலித்தது. கோதிக் மொழியில் ‘பெரிய’, பழைய உயர்ஜெர்மனில் ‘புகழ்பெற்ற’ எனப் பொருள்படும் சொற்களோடு மாக்ஸ் ஃபாஸ்மரின் ருஷ்யச் சொற்பிறப்பியல் அகராதி இதனை இணைக்கின்றது. அதன்படி ‘ஆட்சியால் பெரியவன்’ அல்லது ‘ஆட்சியால் புகழ்பெற்றவன்’ என்பதே பெயரின் தொடக்கப் பொருள். 5ஆம் நூற்றாண்டுக் கோத்திய அரச உடன்பிறப்பினரான வலமிர், தியொதெமிர், விதிமிர் ஆகியோரின் பெயரீறும் இதனோடு ஒப்பிடப்படும். ஸ்லாவியக் கூறு ஜெர்மானியத்திலிருந்து பெற்ற கடனா, பொது மூலத்திலிருந்து வந்த இனச்சொல்லா என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை.

அமைதி, உலகு என்னும் பொருளுடைய மிர் என்ற சொல் பின்னரே இவ்வீற்றில் ஏறி அமர்ந்தது. இதற்கு ஒலிவிதியே சான்று. யாத் ருஷ்யத்தில் எகரமாகவும், உக்ரேனியத்தில் முன்னுயிரான இகரமாகவும் திரிந்தது; ‘அளவு’ எனப் பொருள்படும் பழஞ்சொல் ருஷ்யத்தில் மேரா எனவும் உக்ரேனியத்தில் மீரா எனவும் நிற்றல் காண்க. இவ்விதி தடையின்றி இயங்கியிருப்பின் பெயரின் ருஷ்ய வடிவம் மெர் என முடிந்திருக்கும்; உக்ரேனிய வடிவமும் மீரா என்பதன் இகரத்தையே பெற்றிருக்கும். ஆயின் இரு மொழிகளிலும் இன்று காணப்படுவது ‘அமைதி’ எனும் சொல்லின் உயிரே. ஒலிவிதி தராத உயிரைப் பொருள்மயக்கம் தந்தது என்பதே பொருத்தமான விளக்கம். 1377இல் படியெடுக்கப்பட்ட லாவ்ரெந்தி ஏட்டில் மெர் என முடியும் வடிவம் பயில்கின்றது. மாஸ்கோ அரசின் பழைய ஆவணங்களில் விளாதிமிர் நகரம் வொலொதிமெர் என்றே குறிக்கப்பட்டது. போலிஷ் வடிவத்தின் எகரத்தையும் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுதல் கூடும்; அது பொருந்தாது. ரகரத்திற்கு முன் இகரம் எகரமாதல் அம்மொழியில் பொதுவாக நிகழ்ந்த மாற்றமாதலின், அவ்வடிவம் எப்பக்கமும் சான்றாகாது.

‘உலகை ஆள்பவன்’ என்னும் விளக்கம் வலுப்பெற்றதற்கு எழுத்துமுறையும் துணைநின்றது. 1918ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் ருஷ்யத்தில் இருவகை இகரங்கள் வழங்கின. அமைதியைக் குறிக்கும் மிர் ஒன்றாலும், உலகைக் குறிக்கும் மிர் மற்றொன்றாலும் எழுதப்பட்டன. ஆட்பெயரோ உலகைக் குறிக்கும் சொல்லின் எழுத்தையே பெற்றிருந்தது. பள்ளியில் அவ்வெழுத்தைப் பயின்றவர் பெயருள் உலகைக் கண்டதில் வியப்பில்லை. சீர்திருத்தம் இரண்டு எழுத்துகளையும் ஒன்றாக்கியபின் மயக்கம் மேலும் கூடிற்று. தல்ஸ்தோயின் பெருநாவல் தலைப்பில் உள்ளது அமைதியைக் குறிக்கும் சொல்லே, டி. எஸ். சொக்கலிங்கம் தம் தமிழாக்கத்திற்குப் ‘போரும் வாழ்வும்’ என்று பெயரிட்டார். நாவலின் விரிவுக்கு அத்தலைப்பு இசைவானதே எனினும், மூலத் தலைப்பின் சொற்பொருள் அதுவன்று.

பெயரைத் தாங்கியோர் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. அறியப்பட்ட தொடக்ககாலத்தவருள் ஒருவன் பல்கேரிய அரசன் விளாதிமிர் ரசாத்தே. 889 முதல் 893 வரை ஆண்ட அவன், தந்தை போரிஸ் ஏற்ற கிறித்தவத்தைக் கைவிட்டுப் பழைய வழிபாட்டை மீட்க முயன்றான். அத்தந்தையாலேயே அரியணை நீக்கப்பட்டுக் குருடாக்கப்பட்டான். சுமார் நூறாண்டு கழித்து, 988இல், அதே பெயருடைய கீவ் வேந்தன் தன் நாட்டைக் கிறித்தவத்திற்கு உட்படுத்தினான். திருமுழுக்கில் அவன் பெற்ற பெயர் வசீலி. ஆயினும் திருச்சபை நாட்காட்டியில் இறுதியாக நிலைத்தது முன்னைய குலப்பெயரே. கிரேக்க, எபிரேயப் பெயர்கள் நிறைந்த அந்நாட்காட்டியில் இடம்பெற்ற சில ஸ்லாவியப் பெயர்களுள் ஒன்றாக அது ஆயிற்று.

அயலார் நாவிலும் பெயர் மாறி வழங்கிற்று. வடபுலக் கதைகள் கீவ் வேந்தனை வல்தமார் என்று குறித்தன. 1131இல் பிறந்து டென்மார்க்கை ஆண்ட முதலாம் வல்தெமார், தன் தாய்வழிக் கொள்ளுப்பாட்டனான விளாதிமிர் மொனொமாக்கின் பெயரையே பெற்றான். ஜெர்மானியர் தமக்குரிய பெயர்க்கூறுகளை அதில் அடையாளம் கண்டனர் என்பதற்கு இது சான்று. நாட்டார் கதைகளின் அமைப்பியலால் தமிழ் ஆய்வாளர்க்கு நன்கு அறிமுகமான விளாதிமிர் புரோப், 1895இல் பீட்டர்ஸ்பர்கின் ஜெர்மானியக் குடும்பமொன்றில் ஹெர்மன் வல்தெமார் எனும் பெயருடன் பிறந்தார். வடக்கே சென்ற பெயர் எண்ணூறு ஆண்டுகட்குப் பின் இங்ஙனம் ருஷ்யத்திற்கு மீண்டது எனலாம்.

ருஷ்ய மொழியில் வ்லாதிமிர் எனும் வடிவம் இயல்பாக விளைந்ததன்று. திருச்சபை ஸ்லாவியத்தின் வழி, உயர்வழக்காக வந்தது. நகரத்தைக் குறிக்கும் கோரொத், க்ராத் எனும் இணையும், ஆட்சிப்பகுதியைக் குறிக்கும் வோலொஸ்த், அதிகாரத்தைக் குறிக்கும் வ்லாஸ்த் எனும் இணையும் இதே இருவழக்கின் விளைவுகள். உயர்வழக்கு பெயரின் முழுவடிவத்தைக் கைப்பற்றியதெனினும் வீட்டு வழக்கை அதனால் அசைக்க இயலவில்லை. விளாதிமிரை வீட்டார் அழைப்பது வலோத்யா என்று. அதில் ஒளிந்திருப்பது பழைய வொலொத் தான். ருஷ்ய நாவலின் தமிழாக்கத்தில் ஒரே மாந்தர் ஒரு பக்கத்தில் விளாதிமிராகவும் அடுத்த பக்கத்தில் வலோத்யாவாகவும் வோவாவாகவும் தோன்றும்போது, வாசகர் மூவரென மயங்குவதுண்டு. இதற்கு அஞ்சி எல்லாவற்றையும் விளாதிமிர் என ஒருமைப்படுத்தும் மொழிபெயர்ப்பு, உறவின் நெருக்கத்தையே அழித்துவிடுகின்றது. நூல் முகப்பில் ஒரு பெயர்ப்பட்டியல் தருதல் இதனினும் நன்று.

அண்மைக் காலத்தில் வடிவத் தேர்வு மொழியியலின் எல்லையைக் கடந்துவிட்டது. 10ஆம் நூற்றாண்டுக் கீவ் வேந்தனைத் தம் அரசின் முதல்வனாக ருஷ்யரும் உக்ரேனியரும் ஒருங்கே உரிமை கொண்டாடுகின்றனர். கீவில் அவனுக்கு 1853இலேயே சிலை நிறுவப்பட்டது. மாஸ்கோவில் 2016 நவம்பர் 4இல் வேறொரு சிலை திறக்கப்பட்டது. 2019இல் உக்ரைனில் வொலொதிமிர் ஜெலென்ஸ்கி குடியரசுத் தலைவரானபின், பகைமை பூண்ட இரு நாடுகளின் தலைவர்களும் ஒரே பெயரினராயினர். தமிழ் நாளிதழ்கள் சில இருவரையும் விளாடிமிர் என்றே எழுதின. பின்னர் பெரும்பாலன வேறுபடுத்தலாயின. வேறுபடுத்துதலே முறை. தற்காலத்தவர் பெயரை அவர் ஏற்கும் மொழிவடிவில் எழுதுதல் மரியாதை மட்டுமன்று, துல்லியமுமாகும்.

முன்னோர் செய்தியில் இது அவ்வளவு எளிதன்று. அகராதியாளர் தால் 1801இல் லுகான்ஸ்கில் பிறந்தவர். எழுத்தாளர் கொரலேன்கோ 1853இல் ஷித்தோமிரில் பிறந்தவர். இரு நகரங்களும் இன்றைய உக்ரைனுக்கு உரியன. ஆயினும் இருவரும் எழுதியது ருஷ்யத்தில். நூலட்டையில் விளாதிமிர் என இருத்தலே தகும். கீவ் வேந்தனுக்கோ இரு தற்கால வடிவங்களும் முழுமையாக உரியன அல்ல. முதற்கூற்றில் உக்ரேனிய வடிவம் அவன் மக்களின் பேச்சுக்கு அணிமையது; ஈற்றில் இரண்டுமே விலகியவை. மொழிபெயர்ப்பாளர் தம் மூலநூலின் மொழிவடிவைப் பின்பற்றி, முதன்முறை வருமிடத்து மற்றதனையும் சுட்டிச் செல்லலாம். ஒன்றை மட்டும் இயல்பானது போல் எழுதிவிடுதல், அறியாமலே ஒரு தரப்பின் வழக்குரையாக முடியும்.

தமிழ் எழுத்திலும் சில குறிப்புகள் வேண்டும். விளாடிமிர் என்னும் டகர வடிவம் ஆங்கிலத்தின் வழி வந்தது. ருஷ்ய ஒலி பல்லொலியாதலின் தகரமே பொருந்தும். அவ்வொலிக்கு எழுத்துடைய தமிழ் ஆங்கிலத்தைப் பின்தொடர வேண்டியதில்லை. அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால் விளாதீமிர் எனல் ஓரளவு ஏற்புடையது. ஈற்றசையை நீட்டும் விளாதிமீர் பிழை. ஆங்கிலேயர் அழுத்தத்தை முதலசையில் இடுவது கண்டு, தம் பெயரை ஆங்கிலச் சொல்லொன்றோடு இயைபுபடுத்திச் சரியான ஒலிப்பைக் காட்டியவர் நாவலாசிரியர் நபோகோவ். மெய்ம்மயக்கம் மொழிமுதலில் வாராமையின் வகரத்தை அடுத்து இகரம் பெய்வது தமிழியல்பு. வொலொதிமிர் வடிவத்தில் அச்சிக்கல் இல்லை; ஆனால் வகரம் உ, ஊ, ஒ, ஓ என்னும் உயிர்களோடு மொழிமுதல் ஆகாதென்னும் தொல்காப்பிய விதி குறுக்கிடும். வோல்ட், வோட்டு என வழங்கும் இக்காலத்தில் அது தடையாகாது. மரபைப் பேணுவோர் ஒலொதிமிர் என எழுதின், அதற்கும் துணையுண்டு. அவ்வேந்தன் பெயரால் வொலீனியாவில் எழுந்த நகரின் பெயர் இலத்தீனில் முதலசை முழுதும் இழந்து லொதொமேரியா ஆயிற்று. 13ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹங்கேரி அரசரின் பட்டத்திலும், 1772 முதல் 1918 வரை ஆஸ்திரிய மாநிலமொன்றின் பெயரிலும் அவ்வடிவமே வழங்கிற்று. முதலசை போயினும், மொழிகள் இழந்த பழைய மேர் அதில் தங்கியிருந்தது. அந்நகரின் உக்ரேனியப் பெயரும் 2021இல் வொலொதிமிர் என்றே சுருக்கப்பட்டது.