சுட்டப்படாதது எல்லாம் தேவையற்றதா?

அர்டுயினோ ஊனோ பலகையிலுள்ள ஏடிமெகா328பி சிப்பில் ஃபிளாஷ் 32 கிலோபைட். ரேம் 2 கிலோபைட்தான். இவ்வளவு சிறிய இடத்தில் பெரிய லைப்ரரிகளைத் தாராளமாகச் சேர்த்து நிரல் எழுத முடிவதற்கு ஒரு முக்கியக் காரணம், கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் சத்தமில்லாமல் செய்யும் களையெடுப்பு.

வழக்கமாக, ஒரு ஆப்ஜெக்ட் கோப்பில் ஒரே ஒரு ஃபங்ஷன் தேவைப்பட்டாலும் கோப்பு முழுவதும் உள்ளே வந்துவிடும். ஜிசிசி கம்பைலருக்கு ‘ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ்’, ‘டேட்டா-செக்‌ஷன்ஸ்’ என்ற தெரிவுகளைக் கொடுத்தால், ஒவ்வொரு ஃபங்ஷனும் மாறியும் தனித்தனி செக்‌ஷனில் அமரும். பிறகு ‘ஜிசி-செக்‌ஷன்ஸ்’ தெரிவுடன் இயங்கும் லிங்கர், நிரலின் நுழைவாயிலில் தொடங்கி எது எதைச் சுட்டுகிறது என்று தொடர்ந்து சென்று, எட்டாதவற்றை விட்டுவிடும். மூல நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். இதுதான் இம்முறையின் பெரிய பலம்.

பலவீனமும் அங்கேதான். லிங்கருக்குத் தெரிவது சுட்டுதல் மட்டுமே, பயன்பாடு தெரியாது. அதனால் இரு திசையிலும் தவறுகிறது.

முதலாவது, வேண்டாததை வைத்துக்கொள்கிறது. முழு எண்ணை மட்டும் அச்சிட ‘பிரிண்ட்எஃப்’பை அழைத்தாலும், வடிவச் சரத்தை லிங்கர் படிப்பதில்லை, மற்ற வடிவங்களுக்கான குறிமுறையும் கூடவே வரும். சி++ விர்ச்சுவல் ஃபங்ஷன்களை, யாரும் அழைக்காவிட்டாலும், அவற்றின் அட்டவணை சுட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, வேண்டியதை வெட்டுகிறது. கார்டெக்ஸ்-எம் சிப், தொடக்கத்தில் வெக்டர் அட்டவணையின் முதல் சொல்லை ஸ்டாக் முகவரியாகவும் இரண்டாவதை ரீசெட் முகவரியாகவும் எடுத்துக்கொள்கிறது. இதைப் படிப்பது வன்பொருள். நிரலில் யாரும் சுட்டுவதில்லை. லிங்கர் ஸ்கிரிப்டில் அந்த செக்‌ஷனை ‘கீப்’ என்று காக்காவிட்டால், பில்டு பிழையின்றி முடியும், பலகை உயிர்பெறாது.

செலவும் உண்டு. ஆப்ஜெக்ட் கோப்புகள் பெரிதாகும், அசெம்பிளரும் லிங்கரும் மெதுவாகும், கணிசமான பலன் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஜிசிசி ஆவணமே எச்சரிக்கிறது.

ஏவிஆர் சிப்புகளுக்கான சி லைப்ரரியான ஏவிஆர்-லிப்சி வேறு வழி காட்டுகிறது: அதன் இயல்பான ‘பிரிண்ட்எஃப்’பில் தசமப் புள்ளி எண்களை அச்சிடும் வசதி இல்லை, வேண்டியவர் தனி லைப்ரரியை இணைக்க வேண்டும். அங்கே இடம் மிச்சமாவது வடிவமைத்தவர் எடுத்த முடிவால்.

ஆகவே சிறு சிப்புகளில் களையெடுப்பைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் நீக்கியவற்றின் பட்டியலைக் காட்டும் ‘பிரிண்ட்-ஜிசி-செக்‌ஷன்ஸ்’ தெரிவின் வெளியீட்டையும் மேப் கோப்பையும் பார்க்காமல் விடுவது சரியல்ல. எது சுட்டப்படவில்லை என்பதை லிங்கர் சொல்லும். எது தேவையில்லை என்பதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.