அழுத்தமும் மாத்திரையும்

வீரமாமுனிவரைப் பற்றிப் பேசுவோர் தேம்பாவணியையும் பரமார்த்த குரு கதையையும் பாராட்டி அமைவர். இத்தாலியிலே 1680ஆம் ஆண்டிற் பிறந்த அவர், தமிழின் ஓசையளவைக் காத்தற்கு ஆற்றிய தொண்டினை ஆராய்வோர் சிலரே. அதனை ஈண்டு நோக்குவாம்.

இத்தாலிய மொழியிற் பல வினைச்சொற்களின் பொருளை அசையழுத்தமே அறுதியிடுகின்றது. ‘பார்-லோ’ என்னும் ஈரசைச் சொல்லில் முதலசையை அழுத்தின் ‘பேசுகிறேன்’ என்பது பொருள். ஈற்றசையை அழுத்தின் ‘அவன் பேசினான்’ என்பது பொருள். இடமும் காலமும் ஒருங்கே மாறிவிடும். ‘கா-பி-தா-னோ’ என்பது முதலசை அழுத்தம் பெறின் ‘நிகழ்கின்றன’ எனவும், மூன்றாமசை பெறின் ‘படைத்தலைவன்’ எனவும், ஈற்றசை பெறின் ‘தலைமை தாங்கினான்’ எனவும் பொருள்படும். ஈற்றழுத்தத்தை உயிரெழுத்தின்மேற் சிறு கோடிட்டுக் காட்டுவர்.

தமிழில் அழுத்தம் சொற்பொருளை வேறுபடுத்துவதில்லை; அத்தொழிலைச் செய்வது மாத்திரை. ‘எறி’ என்பது ஏவல்; நிரையசை. ‘ஏறி’ என்பது வினையெச்சம், நேர் நேர். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதியோர் புள்ளியிடாது விட்டமையால் இவ்விரு சொற்களும் ஏட்டில் ஒரே வடிவாயின. நெடிலுக்கு வேறு வடிவு தந்து இம்மயக்கத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர் என்பர். 1730இல் இயற்றிய தொன்னூல் விளக்கத்தில் யாப்பிலக்கணத்தையும் வகுத்தோதிய அவர், தம் தாய்மொழியின் அழுத்தத்தைத் தமிழின்மேல் ஏற்றினாரல்லர். தமிழுக்கு வேண்டிய அளவையே குறித்தார்.

அத்தெளிவு நம்மிடையே குறைவு. செய்யுள் ஓதும் மாணவர் சிலர், உணர்ச்சி தோன்றவேண்டி, ‘எறிந்தான்’ என்பதன் முதலெழுத்தை அழுத்தி நீட்டுகின்றனர். புளிமாச் சீர் தேமாங்காயாகி ஓசை கெடுகின்றது. அவையோர் அதனையே சிறந்த வாசிப்பென்று கைதட்டுகின்றனர்.

இன்னொரு சாரார், தோட்டத்துப் பேச்சில் வளர்ந்த பிள்ளைக்கு யாப்பு வாராது என்பர். இதுவும் பொருந்தாது. ‘வந்துவிட்டான்’ கூவிளங்காய், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வீடுகளில் வழங்கும் ‘வந்துட்டான்’ தேமாங்காய். ‘படித்துவிட்டான்’ கருவிளங்காய், ‘படிச்சுட்டான்’ புளிமாங்காய். சீர் வேறாயினும் குறில், நெடில், ஒற்று என்னும் அளவுமுறை பிறழவில்லை. ஆதலின் ஆசிரியர், வாய்பாட்டை மனனஞ் செய்விக்குமுன், மாணவர் தம் வீட்டு வினைச்சொற்களையே அலகிட்டுப் பழகச் செய்வாராக. செவியறிந்த சொல்லிலிருந்து தொடங்கிய மாணவனுக்கு வெண்பாவின் தளையும் எளிதிற் புலனாகும்.