பல ஆட்டம் ஆடும் பெண்ணை எப்படி ரசிப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு டி-ஷர்ட் முழுதாக ஒருவர் கையில் உருவாவதில்லை. தோள் சேர்ப்பவர், கழுத்துக்கு ரிப் வைப்பவர், கையேற்றுபவர், பேட்லாக் மெஷினில் அடிமடிப்பு அடிப்பவர், சிங்கர் மெஷினில் லேபிள் வைப்பவர், பிசிறு வெட்டுபவர், செக்கிங் பார்ப்பவர் என்று பீஸ் கைமாறிக்கொண்டே போகும். ஒருவருக்கு ஒரு வேலை. அதை எத்தனை வேகமாக, டேமேஜ் இல்லாமல் முடிக்கிறார் என்பதுதான் கணக்கு. 2024-25இல் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த ஊரை வளர்த்ததில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் விளையாட்டையும் நாம் இதே கண்ணோடுதான் பார்க்கிறோம். ஒரு பெண் ஆடுகிறாள் என்றால் முதல் கேள்வி, ‘எதில் ஃபர்ஸ்ட்?’ ஒன்றுக்கு மூன்று, நான்கு விளையாட்டுகளை ஆசையோடு ஆடுகிறவள் அந்தக் கேள்விக்கு முன்னால் சிறுத்துப்போகிறாள். அதே கம்பெனியில் சாம்பிள் டெய்லர் என்று ஒருவர் இருக்கிறார். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்றிலும் மாறி மாறி உட்கார்ந்து ஒரு முழு உடுப்பைத் தனியாக முடிப்பவர். லைனில் ஒரே தையலை அடிப்பவரின் வேகம் அவருக்கு வராது. அதற்காக அவரை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. அவருடைய திறமை வேறு அளவுகோலில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பல ஆட்டம் ஆடும் பெண்ணுக்கும் அப்படியொரு அளவுகோல் உண்டு. அது கைவந்தால்தான் ரசனையும் வரும்.

அதைப் பழகச் சிறந்த இடம் ஹெப்டத்லான். முதல் நாள் 100 மீட்டர் தடை ஓட்டம், உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், 200 மீட்டர் ஓட்டம். மறுநாள் நீளம் தாண்டுதல், ஈட்டி எறிதல், 800 மீட்டர் ஓட்டம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி, கூட்டுத்தொகையில் முந்துபவர் வெற்றியாளர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தெலங்கானாவின் நந்தினி அகசரா 5,712 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். நான்காவதாக வந்த ஸ்வப்னா பர்மன் எடுத்தது 5,708. இரண்டு நாளும் ஏழு போட்டிகளும் கடந்து, இடைவெளி நான்கே புள்ளி. ஹெப்டத்லான் கணக்கின்படி அந்த நான்கு புள்ளி, நீளம் தாண்டுதலில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. குண்டு எறிதலில் ஆறு சென்டிமீட்டர், ஈட்டியில் ஏறக்குறைய ஒரு சாண். கடைசி 800 மீட்டரில் கால் வினாடியை ஒட்டிய நேரம். இதைத் தெரிந்துகொண்டு பார்க்க உட்கார்ந்தால், ஒரு போட்டியில் ஐந்தாவதாக வருவதுகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய விஷயமாகிவிடும். யார் முதலில் வந்தார் என்பதைவிட, பலவீனமான போட்டியில் யார் குறைவாக இழந்தார் என்பதையே கண் தேடும்.

அடுத்து, போட்டிகளைப் போலவே அவற்றின் நடுவே நடப்பதையும் பாருங்கள். தடை ஓட்டத்தில் 84 சென்டிமீட்டர் உயரத் தடைகள் பத்து. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எட்டரை மீட்டர். அதில் மூன்றே காலடி. உடல் முழுக்க ஒரே தாளத்தில் முன்னோக்கிப் பாய வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதே உடல் உயரம் தாண்டுதலில் வளைந்து ஓடிவந்து, முன்னே போகும் வேகத்தை மேலே திருப்ப வேண்டும். பிறகு நான்கு கிலோ குண்டு. ஏழடி வட்டத்துக்குள் நின்று காலிலிருந்து இடுப்பு, தோள், விரல் என்று விசையை ஏற்றித் தள்ள வேண்டும். குண்டுக்கு எடை வேண்டும், உயரம் தாண்ட எடை கூடாது. வேகத்துக்கு ஒரு வகைத் தசை, 800 மீட்டரைத் தாங்க இன்னொரு வகை. ஒன்றுக்காக உடலை அதிகம் செதுக்கினால் மற்றொன்று கெடும். இந்த இழுபறியை ஒரே உடலில் சமன்செய்து வைத்திருப்பதே ஹெப்டத்லான் வீராங்கனையின் கலை. தனிப் போட்டியின் இறுதிச்சுற்றில் முன்னணியில் நீடிப்பவருக்கு ஆறு தாண்டல், ஆறு எறிதல் கிடைக்கும். இங்கே நீளம் தாண்டுதல், குண்டு, ஈட்டி ஒவ்வொன்றிலும் மூன்றே வாய்ப்பு. இரண்டு ஃபவுல் ஆனபின் மூன்றாவதற்கு ஓடத் தொடங்கும் முன் அவர் முகத்தைக் கவனியுங்கள். பாதுகாப்பாகப் பலகைக்குப் பின்னாலிருந்தே எழும்புவதா, துணிந்து விளிம்பைத் தொடுவதா என்ற முடிவை அந்தச் சில நொடிகளில் எடுத்தாக வேண்டும்.

‘அகலக் கால் வைத்தால் எதிலும் முழுமை வராது’ என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018 ஜகார்த்தாவில் 6,026 புள்ளிகளோடு, ஹெப்டத்லானில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற முதல் இந்தியரானார் ஸ்வப்னா. இரண்டு பாதத்திலும் ஆறாறு விரல்களோடு சாதாரண ஷூவுக்குள் வலியைத் தாங்கி ஓடியவர். பல்வலிக்காகத் தாடையில் கட்டு வேறு. அங்கே ஈட்டியில் எல்லோரையும் முந்திய அவருடைய எறி 50.63 மீட்டர். ஈட்டியை மட்டுமே எறியும் அன்னு ராணி 2023இல் தங்கம் வென்றது 62.92 மீட்டரில். இடையில் பன்னிரண்டு மீட்டர். ஆனால் ஐம்பது மீட்டருக்கு மேல் எறிகிற கை, 1.82 மீட்டர் தாண்டுகிற காலோடு ஒரே உடம்பில் இருக்கிறது என்பதை அந்தப் பன்னிரண்டு மீட்டர் காட்டாது. அகலத்தால் உயரம் குறைந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. 1988 சியோலில் 7,291 புள்ளி எடுத்து இன்றுவரை உலக சாதனையை வைத்திருக்கும் ஜாக்கி ஜாய்னர்-கெர்சி, அதே ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலிலும் தங்கம் வென்றார். கல்லூரியில் அவர் கூடைப்பந்து ஆட்டக்காரரும்கூட.

ஒரு ஆட்டத்தில் கற்றது இன்னொன்றில் தலைகாட்டும் இடத்தைக் கண்டுபிடிப்பது தனிச் சுகம். கிரிக்கெட் வீராங்கனை ஜெமிமா ரோட்ரிக்ஸ் சிறுமியாக மகாராஷ்டிரத்தின் வயதுப்பிரிவு ஹாக்கி அணிகளில் ஆடியவர். 2025 உலகக்கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் எடுத்த 127 ரன்களை, அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். தாழக் குனிந்து ஸ்வீப் செய்யும் உடல், ஆளில்லாத இடத்தைத் தேடிப் பந்தைத் திருப்பும் மணிக்கட்டு, அடித்த மறுகணமே ஓடத் தொடங்கும் கால் எல்லாவற்றிலும் ஹாக்கி மைதானத்தின் சாயல் எனக்குத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் எலிஸ் பெர்ரி 2007இல், பதினாறு வயதில், கிரிக்கெட், கால்பந்து இரண்டிலும் தன் நாட்டு அணிக்கு அறிமுகமானார். 2011 மகளிர் கால்பந்து உலகக்கோப்பையில் கோலும் போட்டார். இரண்டின் அட்டவணையும் மோதியபோது கடைசியில் கிரிக்கெட்தான் மிஞ்சியது. நம் நாட்டிலோ ஹாக்கி, கூடைப்பந்து, கிரிக்கெட் மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடிய ஷிரின் கியாஷின் பெயரே பலருக்குத் தெரியாது. ஒரே ஆட்டத்தில் உச்சம் தொட்டவர்களை மட்டும் நினைவில் வைக்கும் பழக்கத்தின் விளைவு இது. வருத்தப்பட வேண்டிய விளைவு.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு: ‘இதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு.’ லாட்டி டாட் வாழ்க்கை அதற்குச் சாட்சி போலவே தோன்றும். 1887இல் பதினைந்து வயதில் விம்பிள்டன் வென்று, மொத்தம் ஐந்து முறை பட்டம் சூடி, ஹாக்கியில் இங்கிலாந்துக்கு ஆடி, 1904இல் பிரிட்டிஷ் மகளிர் கோல்ஃப் பட்டமும் பெற்றவர். அவரைச் சம்பாதிக்கும் கவலையில்லாமல் வாழவைத்தது தந்தை பஞ்சு வியாபாரத்தில் சேர்த்த செல்வம். ஆனால் அமெரிக்காவின் பேப் டிட்ரிக்சன் நார்வேயிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்துப் பெண். டெக்சாஸில் பள்ளிப் பருவத்தில் சாக்கு தைக்கும் ஆலையில் ஒரு சாக்குக்கு ஒரு சென்ட் என்று பீஸ் ரேட்டில் தைத்தவர். டல்லாஸ் நகரக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று தன் கூடைப்பந்து அணிக்காக அவரை வேலைக்குச் சேர்த்தது. 1932 தேசியத் தடகளப் போட்டிக்கு அந்த நிறுவனம் அவரை ஒற்றை ஆள் அணியாக அனுப்ப, அவர் தனியாக 30 புள்ளி எடுத்தார். இரண்டாவதாக வந்த முழு அணிக்கு 22. அதே ஆண்டு ஒலிம்பிக்கில் 80 மீட்டர் தடை ஓட்டம், ஈட்டி இரண்டிலும் தங்கம், உயரம் தாண்டுதலில் வெள்ளி. வசதியில்லாத பெண்ணுக்கு நேரமும் இடமும் சம்பளமும் சேர்ந்து கிடைத்ததன் பலன் அது. பெண்களின் உழைப்பில் நிற்கும் திருப்பூர் வட்டாரத்தில், ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஒரு வாலிபால் நெட்டும் கொஞ்சம் வெளிச்சமும் ஒரு மணி நேரமும் கொடுப்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய செலவில்லை. அதைக் கேட்பது ரசிகரின் வேலையும்தான்.

வயதையும் ரசிக்கப் பழக வேண்டும். டாட் வில்வித்தையில் ஒலிம்பிக் வெள்ளி வென்றபோது வயது 36. டிட்ரிக்சன் கோல்ஃபுக்கு மாறி, 1953இல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து, மறு ஆண்டே யுஎஸ் மகளிர் ஓப்பன் வென்றார். பல ஆட்டம் தெரிந்தவளுக்கு முட்டி ஒத்துழைக்காதபோது மாறிக்கொள்ள இன்னொரு ஆட்டம் இருக்கிறது. சண்டிகரின் மன் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில் ஆக்லாந்து உலக மூத்தோர் விளையாட்டில் 100 மீட்டரில் தங்கம் வாங்கினார். ஈட்டியும் குண்டும்கூட எறிந்தார். நூறு வயதுப் பிரிவில் எதிராளி இல்லையே என்பது உண்மைதான். எதிராளி இல்லாத பாதையிலும் ஒருவர் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து ஓடுகிறார் என்றால், அவர் எதற்காக ஓடுகிறார் என்று பாருங்கள்.

இதற்கெல்லாம் டிவி முன்னால்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. குறுவட்டப் போட்டி, குடியரசு தின, பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை என்று ஆண்டுதோறும் ஏதாவது ஒன்று பக்கத்து மைதானத்தில் நடக்கிறது. காலையில் கோ-கோ ஆடிய பெண் மதியம் நீளம் தாண்ட வந்து நின்றால் அவளைப் பின்தொடருங்கள். கோ-கோவில் கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது எந்தக் காலை ஊன்றுகிறாள், பலகையில் எந்தக் காலால் எழும்புகிறாள் என்று பொருத்திப் பாருங்கள். பல போட்டிகளின் புள்ளியைக் கூட்டித் தரும் தனிநபர் சாம்பியன் பட்டம், கூட்டம் கலைந்து பஸ்ஸுக்கு ஓடத் தொடங்கியபின் பெரும்பாலும் கடைசியாகத்தான் அறிவிக்கப்படும். அதுவரை இருங்கள், அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டும் அவள் எந்தெந்த ஆட்டத்துக்கு வந்திருக்கிறாள் என்று தேடுங்கள்.